மஜீத் சொல்லாத பெயர்

மகன்,

நீ அனுப்பிய உரை வந்து சேர்ந்தது. பொலிஸ் நிலையத்தின் புதிய கட்டடத்தில் உன் அப்பாவின் படத்தைத் திறந்துவைக்கிற அன்று வாசிக்கப்போவதாகவும், தமிழை மட்டும் ஒருமுறை பார்த்துத் தரும்படியும் கேட்டிருந்தாய். பார்த்தேன். இருபது வருடம் மெல்பேர்னில் இருந்தவனுக்கு உன் தமிழ் மோசமில்லை. ஒற்றெழுத்துகளைத்தான் வேண்டாத இடமெல்லாம் அள்ளித் தூவியிருக்கிறாய், அவற்றை எடுத்துவிட்டேன். 'வீரமரணம்' என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தாய், அவற்றையும் எடுத்துவிட்டேன். உன் அப்பா வீரம் காட்டப் போய்ச் சாகவில்லை. பிடித்த ஆளை இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் நீதவான் முன்னால் நிறுத்த வேண்டும் என்ற ஒரு விதியை, அதை ஒருவரும் பொருட்படுத்தாத காலத்தில், பொருட்படுத்தியதால் செத்தார். அதை அப்படியே சொன்னால் போதும், கேட்பவர்களுக்கு விளங்கும்.

இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அன்று அப்பா எந்த வழியால் போகிறார் என்பதை அறிந்திருந்த ஒரே ஆள் அவருடன் போய் உயிரோடு திரும்பிய கான்ஸ்டபிள் மஜீத் என்றும், அந்த மனிதர் இன்றும் ஏறாவூரில் நிம்மதியாக இருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வாக்கியத்தில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. வாக்கியமே பிழை. மஜீத் எவருக்கும் எதுவும் சொல்லவில்லை. சொன்னது நான்.

இதை வாசித்தவுடன் நீ தொலைபேசியை எடுப்பாய் என்று தெரியும். எடுக்காதே. எனக்கு எழுபத்தொன்பது வயது. தொலைபேசியில் இடைமறித்துக் கேட்கிற கேள்விகளுக்கு நான் எனக்கு வசதியான பதிலைச் சொல்லிவிடக்கூடும். அந்தத் திறமை எனக்கு இருக்கிறது என்பதை இந்தக் கடிதத்தின் நடுவில் காண்பாய். அதனால் எழுதுகிறேன். கடைசிவரை வாசித்துவிட்டு, உனக்குத் தோன்றுவதைச் செய்.

அப்போது நாங்கள் படுவான்கரையில், வாவிக்கு மேற்கே, என் தாய் எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில் இருந்தோம். உனக்கு ஏழு வயது. உன் அப்பா வடக்கே பிறந்தவர். எங்கள் ஊர் வழக்கப்படி கலியாணத்தோடு என் வீட்டுக்கு வந்தவர். அடுக்களைக்குள் யார் வரலாம், யாரை வாசலோடு அனுப்பலாம் என்பதில் அவருக்கு வாக்கு இல்லை, எனக்குத்தான் இருந்தது. அதில் அவர் ஒருநாளும் குறுக்கிட்டதில்லை. அதற்குப் பதிலாக நானும் அவருடைய வேலைக்குள் தலையிடக் கூடாது என்பது எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம். நிலையத்துக் கதையை அவர் வீட்டில் கதைக்கமாட்டார். நான் கேட்கமாட்டேன். ஆனால் நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அளவையியல், அதுதான் தருக்கம், படித்தவள். வாவிக்கு அந்தப் பக்கம் பெரிய பள்ளியில் அதையே படிப்பித்தவள். கேட்காமலே கண்டுபிடிப்பது என் வழக்கம். அவர் காற்சட்டையின் கரையில் ஒட்டியிருந்த சேற்றின் நிறத்தைப் பார்த்து எந்த வயல்வட்டைக்குப் போய்வந்தார் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். அது எனக்கு ஒரு விளையாட்டு.

பள்ளி விடுமுறைக் காலம். கச்சான் காற்று வீசத் தொடங்கியிருந்தது. ஒருநாள் பின்னேரம் மூன்று மணியளவில் உன் அப்பா ஒரு பொடியனைப் பிடித்து நிலையத்தில் வைத்திருந்தார். இருபது வயதுக்குள்தான் இருக்கும், பெயர் ரவி. நிறைய வயல் வைத்திருந்த ஒரு போடியார் வீட்டில் இருந்த வேட்டைத் துவக்கை எடுத்துக்கொண்டு போனான் என்பது முறைப்பாடு. அவனுடைய அண்ணன் ஒரு வருடத்துக்கு முன்னர் இயக்கத்துக்குப் போனவன் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். ஒரு மணித்தியாலம் கழியவில்லை, இராணுவ முகாமிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து, பொடியனைத் தங்களிடம் தரும்படி கேட்டார். அந்த வருடங்களில் அப்படித் தரப்பட்ட பொடியன்களில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாளைக்குப் பத்து மணிக்கு ஜீப்பில், தரைப்பாதையால், முகாமைத் தாண்டித்தான் நீதவான் கோட்டுக்குக் கொண்டுபோவேன், அப்போது பார்த்துக்கொள்ளுங்கள் என்று உன் அப்பா பதில் சொன்னார். அப்படியே நிலையத்துப் பதிவுப் புத்தகத்திலும் எழுதினார். பொடியனைப் பிடித்ததும் முகாம் ஜீப் வந்துபோனதும் அன்றைக்கே ஊருக்குத் தெரியும், மற்றவை பிறகு விசாரணையில் வெளிவந்தவை. அவர் வாழ்நாளில் எழுதிய ஒரே பொய்ப் பதிவு அதுதான் என்று நினைக்கிறேன்.

மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தார். நின்றபடியே தேத்தண்ணீர் குடித்தார். இரவு நிலையத்தில் தங்கப்போவதாகவும், விடிய ஐந்து மணிக்கு வந்து எடுத்துக்கொள்வதாகவும் சொல்லி, இரண்டு சோற்றுப் பார்சல் கட்டிவைக்கச் சொன்னார். வழக்கமாக ஒன்று. மஜீத் தன் சாப்பாட்டைத் தானே கொண்டுவருபவர். ஆகவே இரண்டாவது, பிடிபட்ட பொடியனுக்கு. பிறகு பழைய செருப்பை எங்கே வைத்தேன் என்று கேட்டார். சீருடையோடு செருப்புப் போடுகிறவர் அல்ல அவர். சப்பாத்தைக் கழற்ற வேண்டிய இடம் என்றால் வாவிக்கரைச் சேறு. போகும்போது தென்னை ஓலையைப் பார்த்துக்கொண்டு, "இப்ப கச்சான் எத்தின மணிக்கு எழும்புது?" என்று கேட்டார். எட்டுக்குப் பிறகு என்றேன். காற்று எழுந்தால் பாதை ஓடாது. வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம் என்பது உன் பிள்ளைகளுக்குத் தெரியாதிருக்கும், உனக்கு மறந்திருக்காது. அவர் படலையைச் சாத்த முன்னர் எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. தரைப்பாதை இல்லை. காலை ஆறு மணிக்கு முதல் பயணம், பாதையால், நேரே கோட்டுக்கு. முகாமை ஏமாற்றுகிறார். அரிசி களைந்துகொண்டிருந்த எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது. அவரை நினைத்தா, என்னை நினைத்தா என்று அன்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

விளக்குக் கொளுத்துகிற நேரத்தில் கனகம்மா வந்தாள். ரவியின் தாய். அவளும் நானும் ஒரே தாய்வழிக் குடி. எங்கள் வழக்கில் அப்படியென்றால் அவள் எனக்கு அக்கா, பேச்சில் இருவருமே 'கா' போட்டுக்கொள்வோம். ஒரு பொலிஸ்காரனின் மனைவி என்ற முறையில் அவளை நான் படலையோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஒரே குடிப் பெண் என்ற முறையில் அவள் யாரையும் கேட்காமல் அடுக்களைக்குள் வந்து, பலகையை இழுத்துப்போட்டு இருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அழுகிறவர்களிடம் நான் எப்போதும் உறுதியாக இருந்திருக்கிறேன்.

"தங்கச்சி, என்ட புள்ளைய எங்க கொண்டு போகப்போறாங்க?"

"எனக்குத் தெரியாதுகா. அவரு வேலைக் கதைய வீட்ட கதைக்கிறல்ல."

"ஆமிக் காம்புக்குத்தானே?"

"காம்புக்கு இல்ல."

"அப்ப உனக்குத் தெரியுந்தானே. ஏன்கா ஒளிக்கிறாய்?"

"ஒளிக்கல்ல. எனக்கு ஒண்டும் சொல்லல்ல அவரு."

அவள் வெளியே நழுவியிருந்த விறகை அடுப்புக்குள் தள்ளினாள். பிறகு மிகவும் ஆறுதலாக, எனக்காக இரங்குகிறவள்போலச் சொன்னாள்: "சொல்லமாட்டாருதான். உனக்கு என்னத்துக்குச் சொல்றது. எங்கட குடியில கம்பசுக்குப் போய்ப் பட்டமெடுத்தவ நீ ஒருத்திதான் எண்டு எல்லாரும் எவ்வளவு பெரிசாக் கதைச்சம். கடைசியில நீயும் என்னைப்போலதான். புருசன் எங்க போறான், எப்ப வாறான் எண்டு தெரியாது, அடுப்ப ஊதிக்கிட்டுக் கிடக்கிறாய்."

இரக்கத்தால் சொன்னேன் என்று நீ என்னைக் காப்பாற்ற முயல்வாய். அதற்காகத்தான் இந்த வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன். இரக்கம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் வாயைத் திறந்தது இரக்கம் அல்ல. நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்று சொல்வதுபோல, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். இரண்டு பார்சல். பழைய செருப்பு. கச்சான். "முதல் பாதையால போவாரு. நேரா கோட்டுக்குத்தான். காம்புப் பக்கமே போகமாட்டாரு. நீ பயப்படாமப் போய்ப் படு." அவள் எழுந்து என் கையைப் பிடித்தாள். "நீ படிச்சவதான்கா" என்றாள். எனக்கு அது இனித்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் அந்த இனிப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அவளுடைய மூத்த மகனை நான் யோசிக்காமல் இல்லை. யோசித்தேன். அவன் போய் ஒரு வருடம், தாயோடு தொடர்பு இல்லை, ஆகவே இந்தச் செய்தி அவனிடம் போக வழியில்லை என்று முடிவுகட்டினேன். தொடர்பு இல்லை என்று எனக்குச் சொன்னது யார் என்று யோசிக்கவில்லை. கனகம்மாதான் சொல்லியிருந்தாள். அவன் அந்தக் கிழமை முழுவதும் அவளுடைய வயல்வட்டைக் குடிசையில்தான் படுத்திருந்தான் என்பது பிறகு தெரிந்தது.

ஆனால் மகன், அந்த மாலைப் பிழையைக்கூட நான் எனக்கு மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது விடிய ஐந்து மணிக்கு நடந்தது. உன் அப்பா பார்சல்களை எடுக்க வந்தார். நான் இரவு நித்திரை கொள்ளவில்லை. கனகம்மா போனபின் என் நியாயத்தில் ஓர் ஓட்டை இருப்பதாக ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் படலையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றார். முகம் கழுவி, தலை இழுத்து, சட்டையில் ஒரு மடிப்புக் கலையாமல் இருந்தார். சொல்வதற்கு எனக்கு ஐந்து நிமிடம் இருந்தது. கனகம்மா வந்தாள், நான் இப்படிச் சொல்லிவிட்டேன், வேறு வழியால் போங்கள். மூன்று சிறிய வாக்கியம். அதைச் சொன்னால் அவருடைய வேலைக்குள் நான் மூக்கை நுழைத்ததையும், நுழைத்ததை இன்னொருத்தியிடம் பறையடித்ததையும் சொல்லவேண்டிவரும். அவர் கோபிக்கமாட்டார். பேசாமல் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து, "சம்பல வேறயாச் சுத்தியிருக்கன், ஊத்திராம" என்றேன். "பொடியனுக்கு உறைப்பு ஆகுமோ தெரியாது" என்றார். "பின்னேரம் வந்திருவன்" என்றார். நீ உள்ளே படுத்திருந்தாய். எழுப்பவா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்.

ஆறேகாலுக்கு வெடிச் சத்தம் கேட்டது. இரண்டு. வாவியில் சத்தம் எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். பக்கத்து வளவில் கேட்டதுபோல இருந்தது. நான் திண்ணமாகத் தெரிந்துகொண்டேன். எழுந்து ஓடவில்லை. அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்தேன். பிறகு உன்னை எழுப்பி முகம் கழுவச் சொன்னேன்.

செத்த வீட்டுக்குக் கனகம்மா வந்தாள். வராமல் இருக்க முடியாது. ஒரே குடிப் பெண்கள் பிணத்தைச் சுற்றி இருந்து அழவேண்டும். வராதவளை ஊர் கேட்கும். அவள் கால்மாட்டில் இருந்தாள், நான் தலைமாட்டில் இருந்தேன், நடுவில் உன் அப்பா. மற்றப் பெண்கள் எல்லோரும் ஒப்பாரி வைத்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. தூக்குகிற நேரத்தில், கட்டிப்பிடித்து அழுகிற சாட்டில், என் காதுக்குள் சொன்னாள்: "கோட்டுக்குத்தான் எண்டு நீ சொன்னத நான் சொன்னன்கா. மூத்தவன் நம்பல்ல." மாதம் கழிய முன்னர் அவள் ஊரைவிட்டுப் போய்விட்டாள். ரவியும் அண்ணனும் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது, தேடவும் இல்லை.

பிறகு விசாரணை. ஓர் உயர் அதிகாரி வீட்டுக்கு வந்து, மரியாதையாக, தன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "உங்கட கணவர் எந்த வழியால போறார் எண்டு உங்களுக்குச் சொன்னாரா?" இல்லை, எனக்கு எதுவும் சொல்லவில்லை என்றேன். அது உண்மை. அவர் சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடித்தேன், அதை இன்னொருத்திக்குச் சொன்னேன். அவற்றை அதிகாரி கேட்கவில்லை. முறையாகப் படித்த ஒருத்தியால் மட்டுமே இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல முடியும். அப்படியானால் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருக்கிறது, ஒருவர் இறந்துவிட்டார், மற்றவருக்கு ஒரு கீறல்கூட இல்லை என்று அவர் தன் புத்தகத்தில் எழுதினார். எழுதும்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பாவின் படத்துக்கு முன்னால் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

மஜீத்துக்கு அப்போது இருபத்துநான்கு வயது. மாதக்கணக்கில் அடைத்துவைத்துக் கேட்டார்கள். எப்படிக் கேட்டார்கள் என்பதை அவருடைய இடது கை இன்றைக்கும் சொல்கிறது. நிரூபிக்க எதுவும் இல்லை, வேலை மட்டும் போனது. ஊர் அவருடைய பெயரைத் தனியாகச் சொல்லவில்லை, சமயத்தையும் சேர்த்துச் சொன்னது. எந்தக் காலத்தில் அப்படிச் சொன்னது என்று யோசித்துப் பார்: ஒரு சொல் போதும், ஒரு தமிழ் ஊருக்கும் ஒரு முஸ்லிம் ஊருக்கும் நடுவில் வீதியை மூடுவதற்கு. மாணவனின் தாளில் ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் சிவப்பு மையால் வட்டம் போடுகிற நான், அதைத் திருத்தவில்லை. வெளியில் வந்தபின் ஒருமுறை அவர் எங்கள் படலைக்கு வந்தார். நான் சாளரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, டீச்சருக்குச் சுகமில்லை என்று சொல்லியனுப்பினேன்.

உனக்குச் செய்தது வேறு. பதினைந்து வயதில் விடுதியில் உன்னை ஏறாவூர்ப் பிள்ளை ஒருவனோடு ஒரே அறையில் போட்டார்கள். அப்பாவைக் காட்டிக்கொடுத்தவன்ட ஊர்க்காரனோடு இருக்கமாட்டேன் என்று நீ பள்ளி அதிபருக்குக் கடிதம் எழுதி, பெற்றோர் கையெழுத்துக்காக என்னிடம் நீட்டினாய். நான் வாசித்தேன். ஓர் இடத்தில் 'ர' வரவேண்டிய இடத்தில் 'ற' போட்டிருந்தாய். அதைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பிள்ளையை வேறு அறைக்கு மாற்றினார்கள். நீ பிறகு பலமுறை என்னிடம், அம்மா நீங்கள் ஒருநாளும் யாரையும் வெறுக்கச் சொல்லித் தரவில்லை என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். சொல்லித் தரத் தேவை இருக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

உன் உரை வந்த மறுநாள் ஓட்டோ பிடித்து ஏறாவூருக்குப் போனேன். மஜீத்தின் மகன் வைத்திருக்கிற டயர்க் கடைக்குப் பின்னால் வீடு. முற்றத்தில் ஒரு கதிரையில் இருந்தார். அறுபது கடந்த மனிதர். நீரிழிவு, கால் வீக்கம். என்னைக் கண்டவுடன் எழும்ப முயன்றார்.

"வாங்க டீச்சர். இரிங்க. வழி விசாரிச்சா வந்தீங்க?"

வரும் வழியெல்லாம் ஒரு முன்னுரை தயாரித்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. "மஜீத், அண்டைக்கு முதல் பாதை எண்டு அந்தப் பொடியன்ட தாய்க்குச் சொன்னது நான்" என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. கொஞ்சம் அலுத்துக்கொண்டதுபோல இருந்தது. "தெரியும் டீச்சர்" என்றார்.

அவர் சொன்னதை, 'சொல்ல' என்பதற்குச் 'செல்ல' என்கிற அவருடைய பேச்சோடு, அவர் சொன்ன ஒழுங்கிலேயே எழுதுகிறேன். அப்பா, மஜீத், ரவி மூவரும் பாதையில் ஏறி நின்றபோது, சாரன் கட்டிய மூன்று பேர் பயணிகள்போல ஏறினார்கள். அதில் ஒருவன் ரவியின் அண்ணன். அவன் உன் அப்பாவைப் பார்த்து, டீச்சர் சொன்னது சரியாத்தான் இரிக்கு, முதல் பாதைதான் என்றான். "சேர் ஒரு தரம் என்னப் பார்த்தாரு டீச்சர். அவ்வளவுதான். மறுகா அவனுக்கிட்டச் செல்றாரு, டீச்சர் செல்லியிருந்தாக் கோட்டுக்கெண்டும் செல்லியிருப்பா, அவ பிழையாச் செல்லமாட்டா, கோட்டுக்குத்தான் தம்பி கொண்டு போறன், அங்க வந்து பிணை கேளுங்க எண்டு." அவர்கள் நம்பவில்லை. தம்பியைப் பிடித்து இழுத்தார்கள். உன் அப்பா விலங்குச் சங்கிலியை விடவில்லை. விட்டிருந்தால் உயிரோடு வந்திருப்பார். பின்னால் நின்றவன், அவனும் சின்னப் பொடியன்தான், இரண்டு தரம் சுட்டான். ரவியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பத்து நிமிடம்போல உயிர் இருந்தது. மஜீத் அவருடைய தலையை மடியில் வைத்திருந்தார். உன்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். இல்லை என்றார். சொல்லியிருக்கலாம், ஆனால் அவருக்கு வேறு அவசரம் இருந்தது. "புத்தகத்தில டீச்சர்ர பேர எழுதாத மஜீத், அவ தாங்கமாட்டா எண்டாரு. எழுதமாட்டன் சேர் எண்டன். ரெண்டு தரம் கேட்டாரு. ரெண்டு தரமும் செல்லினன்."

இத்தனை வருடமும் ஓர் உண்மையை உலகத்துக்கு மறைத்துவைத்திருப்பவள் நான்தான் என்று நினைத்திருந்தேன். இரண்டு ஆண்கள் அதை எனக்கு மறைத்துவைத்திருந்தார்கள். ஒருவர் செத்துக்கொண்டு, மற்றவர் அடி வாங்கிக்கொண்டு. எனக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னைப் பற்றி உன் அப்பா முழுப் பிழையாக நினைத்த ஒரே இடம் அது. நான் தாங்கியிருப்பேன். என்னை அடைத்துவைத்திருப்பார்கள், ஊர் பேசியிருக்கும், அதையும் தாங்கியிருப்பேன். என்னைக் கேட்டிருக்க வேண்டும்.

"ஏன் மஜீத் அந்தச் சொல்லப் பிடிச்சுக்கொண்டிருந்தீங்க? கைய முறிக்கிற நேரத்திலயாவது சொல்லியிருக்கலாமே."

"சேர் கேட்டாரே டீச்சர்."

"படலைக்கு வந்தது அதச் சொல்லவா?"

"இல்ல. சேர்ர கை மணிக்கூட்டக் குடுக்க வந்தன். பொறகு தபால்ல அனுப்பினன்." தபாலில் வந்தது எனக்குத் தெரியும். அனுப்பியவர் பெயர் இருக்கவில்லை. நிலையத்திலிருந்து வந்ததாக உனக்குச் சொன்னேன்.

உன் உரையை அவருக்கு வாசித்துக் காட்டினேன்; மறைக்கவில்லை. அவர் கேட்டுவிட்டு, "மகன் நல்லா எழுதியிரிக்காரு" என்றார். பிறகு, "விடுங்க டீச்சர். என்ட பேர வாசிக்கிறதெண்டா வாசிக்கட்டும். எனக்கு இனி என்ன வரப்போகுது. சேருக்குச் செல்லின சொல்லு, நீங்க வந்து உடைக்கவாணாம்" என்றார். அப்போது கதவுச்சீலைக்குப் பின்னாலிருந்து அவருடைய மனைவி வெளியில் வந்தார். அதுவரை தேத்தண்ணீர்க் கோப்பையை வைக்க மட்டும் வந்துபோன பெண்.

"உங்களுக்கு ஒண்டும் வராது. காட்டிக்குடுத்தவன்ட புள்ள எண்டு கேட்டது என்ட புள்ளையள். இப்ப பேரப்புள்ளையள்ர காலம். நீங்க சேருக்குச் சொல்லுக் குடுத்தீங்க, எனக்கிட்டக் கேட்டா குடுத்தீங்க?" என்று அவரிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "டீச்சர், வந்து செல்லிட்டீங்க, பாரத்த இறக்கிட்டீங்க. இந்த முத்தத்துக்குள்ள செல்லினா யாருக்குக் கேக்கும்?"

இந்த வழக்கில் முழுக்கச் சரியாகப் பேசிய ஒரே ஆள் அவர்தான். நான் ஓம் என்றேன்.

ஆகவே மகன், உன் உரையின் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். வேறு வாக்கியம் எழுதவில்லை, ஏனென்றால் அது உன்னுடைய வாயால் வரவேண்டியதல்ல. சனிக்கிழமை உனக்கு முன்னர் பேசுவதற்கு எனக்குப் பத்து நிமிடம் கேட்டிருக்கிறேன். பொறுப்பதிகாரி சின்னப் பிள்ளை; என் பேச்சை 'ஒரு தாயின் ஞாபகங்கள்' என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. போடட்டும். கடைசியாக ஊர் முழுக்கக் கூடியிருக்கிற ஓர் இடத்தில், என் பெயரும் முறையும் நேரமும் சொல்லிப் பேசப்போகிறேன். கனகம்மாவின் பெயரைச் சொல்லமாட்டேன். ஒரு தாய் என்பேன். அவள் செய்ததை நானும் உனக்காகச் செய்திருப்பேன். அதன் பிறகு உனக்குப் பேச மனம் வராவிட்டால் பேசாதே. என்னோடு கதைக்க மனம் வராவிட்டால் அதையும் விளங்கிக்கொள்வேன். விளங்கிக்கொள்வேன் என்பதற்காக உனக்கு அது இலகுவாகும் என்று நான் நினைக்கவில்லை.

உனக்குச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு புத்திமதி இருக்கிறது. நீயும் என்னைப்போலக் கெட்டிக்காரன். ஒரு விஷயத்தை மற்றவர்களுக்கு முன்னர் கண்டுபிடித்துவிட்டால் அதைச் சொல்லாமல் உன்னால் இருக்க முடியாது. மேசையில் உன் மனைவி முகம் சுருங்குவதை நான் பார்த்திருக்கிறேன். 'அறிந்திருந்த ஒரே ஆள்' என்று நீ எழுதியதும் அப்படிக் கண்டுபிடித்ததுதான். கண்டுபிடி, அதில் குற்றமில்லை. வாயைத் திறக்க முன்னர், இது யாருடைய உயிர் என்று மட்டும் ஒருமுறை பார்.

வெள்ளிக்கிழமை ரயிலில் வருவாய். மட்டக்களப்புக்குத்தான் டிக்கெட் எடுத்திருப்பாய். அதற்கு முன்னால் ஏறாவூரில் இறங்கு. டயர்க் கடை என்று கேட்டால் காட்டுவார்கள். இனிப்பு எதுவும் வாங்கிக்கொண்டு போகாதே, அவருக்கு ஆகாது. மன்னிப்பு என்று நீளமாகப் பேசி அவரைக் களைப்படையச் செய்யாதே. சனிக்கிழமைக்கு வரும்படி அவரை மட்டுமல்ல, மனைவியையும் கூப்பிடு. அவர் மறுப்பார், அவருடைய மனைவி கூட்டிக்கொண்டு வருவார். முன் வரிசையில் இரண்டு கதிரை போடச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது உனக்கு. நான் பேசுகிறபோது நீ அவர்களோடு இரு, என் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

உன்னைப் பெற்றவள்.